கொட்டகையில் கிணற்று முறை

எங்கள் பக்கத்தில் முதன்முதலாகக் கரிவண்டி ஓட்டியவர்கள் என்று இரண்டு பேரை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் நின்றுபோனபோது அடுப்புக்கரியில் பஸ் ஓட வழி கண்ட மேதைகளாம். ஈருடல் ஓருயிராக இருந்தார்களாம். கல்யாண வீட்டில் யாராவது இதை ஆரம்பித்தால் நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அந்த மேதைகளில் ஒருவர் என் வீட்டுக்காரர். மற்றவர் என் அக்கா வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே வளவுக்குள் குடியிருந்தவள் நான். அங்கே இருந்த மேதைமை எவ்வளவு என்று என்னிடம் கேட்டிருக்கலாம், யாரும் கேட்டதில்லை.

அவர்கள் போட்ட கரிவண்டிக் கம்பெனியில் எனக்கு வேண்டியவன் ஒருவன்தான், எங்கள் தம்பி. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்காவும் நானும் மாறி மாறி வளர்த்த பிள்ளை. டிரைவர் லைசென்ஸ் வாங்கியிருந்தான். இரண்டு மாமன்களும் கம்பெனி போட்டபோது அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கம்பெனிக் கொட்டகைக்குள்ளேயேதான் அவன் செத்தான். எப்படிச் செத்தான் என்பது மேதைகளைப் பற்றிய எந்தப் பேச்சிலும் வருவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் இவர்கள் படித்த படிப்பைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மேட்டூரில் அணை கட்டும்போது அங்கே ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தவர். சாமான் எடுத்துக் கொடுப்பதும் வைப்பதும்தான் வேலை. ஆனால் வாயைத் திறந்தால் துரைமார் தன்னிடம் யோசனை கேட்டதாகத்தான் சொல்வார். துரை ஏதாவது கேட்டிருந்தால் குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார். அக்கா வீட்டுக்காரர் ராசிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் சீமையிலிருந்து வந்த மெஷின் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். பக்கத்தை அவர் தலைகீழாக வைத்திருந்ததை நான் ஒரு தரம் பார்த்தேன். அப்போதும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

இவர்கள் கண்டுபிடித்த விதமும் அப்படித்தான். கோயமுத்தூரில் செய்த கரிவண்டி ஒன்று சேலத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அது நிற்கிற இடத்துக்கு இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். மோதிரம் உருண்டு போய்விட்டது என்று சொல்லி ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்து வந்தார். மறுநாள் இன்னொருவருடைய மோதிரம் உருண்டது. மூன்றாவது முறை அந்த வண்டி டிரைவர் காலால் உதைத்து வெளியே தள்ளினாராம். இதை என் தம்பி எனக்கு நடித்துக் காட்டினான். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே சங்ககிரி ரோட்டில் ஒரு புளியந்தோப்பை ஒத்திக்குப் பிடித்தார்கள். நடுவில் தகரக் கொட்டகை. அந்தப் பக்கம் அக்கா வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. கேஸ் பிளாண்ட் என்று பெரிதாகப் பேர் சொன்னாலும் சாமான் ஒன்றும் பெரிதில்லை. ஆள் உயர இரும்பு டிரம். அதை பஸ்ஸின் முதுகில் கட்டிவிடுவார்கள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்று கொட்டகையிலேயே நிற்கும். மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்டி மூட வேண்டும். அடியில் ஒரு துவாரத்தில் தீப்பந்தத்தைக் காட்டிப் பற்ற வைத்து, கையால் சுற்றுகிற காற்றுச் சக்கரத்தால் ஊதிக்கொண்டே இருந்தால் கரி கனன்று கேஸ் கிளம்பும். தேங்காய் நார் அடைத்த இன்னொரு டிரம்முக்குள் போய்ச் சுத்தமாகி அது எஞ்சினுக்குப் போகும். மேல்மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊதுகிற காற்றுக்கு அந்த வழியாகவே கேஸ் வெளியே வரும். அதற்காக மூடியைச் சுற்றித் தீயில் எரியாத கல்நார்க் கயிறு வைத்து அடைப்பார்கள். மூடி என் வீட்டுக்காரர் செய்தது. காற்றுச் சக்கரம் அக்கா வீட்டுக்காரர் செய்தது. கரி சுமப்பது, பற்ற வைப்பது, சக்கரம் சுற்றுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் தம்பி.

முதல் வண்டி ஓடியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சங்ககிரி ஏற்றம் வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஏறியிருந்த சனமெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். மேதைகள் இரண்டு பேரும் இறங்கவில்லை. முதலாளிகள் தள்ளினால் கம்பெனிக்கு மரியாதை இல்லையாம். துண்டைத் தோளில் போட்டு முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினாள். மேடு ஏறியதும் ஊரே கை தட்டியது. அதற்குப் பிறகு நாமக்கல்லிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பஸ் முதலாளிகள் வர ஆரம்பித்தார்கள். யுத்தம் நடக்கிற வரைக்கும் இவர்களை அடிக்க ஆளில்லை என்று பேச்சாகிவிட்டது.

வேலை நன்றாக நடக்கிறபோதுதான் போட்டோ எடுக்க ஆசை வந்தது. சேலத்திலிருந்து போட்டோக்காரர் முக்காலி, கறுப்புத் துணி எல்லாம் கொண்டு வந்தார். நாற்காலி மட்டும் ஒன்றுதான் கொண்டு வந்தார். கேஸ் பிளாண்டுக்கு முன்னால் அதைப் போட்டதும் என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர் வயதிலும் மூத்தவர், மூத்தவளைக் கட்டியவர். அவர் பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கையை வைத்துக்கொண்டார். படம் வந்த பிறகு யாரோ வந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்திருப்பவர் முதலாளி, நிற்பவர் கணக்கப்பிள்ளையா என்று கேட்டுவிட்டார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அது போகட்டும், ஆண்பிள்ளைகள் கோபித்துக்கொள்வது புதிதில்லை. பேசாதவர்கள் பிரிந்தாவது போயிருக்கலாம், அதற்கும் மனசில்லை. இவர் பிரிந்தால் இவருக்குக் காற்றுச் சக்கரம் போய்விடும், அவர் பிரிந்தால் அவருக்கு மூடி போய்விடும். அதனால் பேசாமலே கூட்டு வியாபாரம் நடத்தினார்கள். பேச்சுக்கு நானும் அக்காவும். அக்கா வீட்டுக்காரர் கொட்டகைக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, “அம்மிணி, காத்துச் சக்கரத்துல பல்லு தேயுதுன்னு அவருகிட்டச் சொல்லு” என்பார். அவர் என்பவர் ஐந்தடி தள்ளி நின்று காது குடைந்துகொண்டிருப்பார். நான் சொல்லும்முன்பே, கேட்டுக்கொண்டதாகச் சொல்லு என்று என்னிடம் பதில் வரும். மோர் கடைந்துகொண்டிருந்தவளை எழுப்பிக் கூட்டிவந்து இந்தக் கூத்தை நடத்துவார்கள். வேலைக்காரர்கள் மூலமாகப் பேச மாட்டார்கள், அது கௌரவக் குறைச்சல். தம்பி ஒரு தரம், “மாமா சொன்னாருங்க” என்று ஆரம்பித்ததற்கு, பெரியவர்கள் பேச்சைத் தூக்கிக்கொண்டு வராதே, வேலைக்கு வந்தவன் வேலையைப் பார் என்று இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் முகத்தைப் பார்ப்பதும் பிடிக்காமல் போயிற்று. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். சீமைப் புத்தகத்தில் பார்த்த வழி இல்லை, எங்கள் ஊர்க் கிணற்று வழி. எங்கள் பக்கத்தில் பங்காளிகளுக்குப் பொதுக்கிணறு இருந்தால் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. ஒருவன் முறையில் இன்னொருவன் கிணற்று மேட்டில் கால் வைக்க மாட்டான். வாய்க்கால் உடைந்து தண்ணீர் ரோட்டில் ஓடினாலும் வரப்பில் நின்று பார்ப்பானே தவிரக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டான். அவன் முறை, அவன் தண்ணீர். இதைக் கொண்டுவந்து கேஸ் கம்பெனியில் வைத்தார்கள். விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் கொட்டகை என் வீட்டுக்காரருக்கு. உச்சிக்கு மேல் பொழுது சாய்கிற வரைக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு. இவர் கழற்றியதை அவர் தொட மாட்டார், அவர் வைத்த ஸ்பேனரை இவர் நகர்த்த மாட்டார். இரண்டு முறைக்கும் பொதுவாக தம்பி மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிடந்தான். தண்ணீருக்கு வைத்த ஏற்பாட்டை நெருப்புக்கு வைக்கிறீர்களே என்று நான் கேட்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேதைகள் ஒற்றுமையாக இருந்தார்கள்.

ஒரு நாள் கொட்டகை மூலையில் அடைக்கு வைத்திருந்த என் கோழி முட்டை மேலேயே செத்துக் கிடந்தது. பாம்பு தொட்ட அடையாளம் இல்லை. அதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் தலை சுற்றுகிறது என்று வந்து படுத்துப் பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்தார். கோழியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மூடி கசிகிறது, வெளியே வருவது வெறும் புகையில்லை. இதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு மூளை இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்கிற அளவுக்கு மனசு இல்லை. மூடி இவர் செய்தது. கசிகிறது என்று சொன்னால் அக்கா வீட்டுக்காரர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அதனால் சேலத்திலிருந்து புதுக் கல்நார்க் கயிறு வரவழைத்து, தன் முறையிலேயே சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று இருந்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. கோழிக்குக் காலம் முடிந்தது என்றார்.

ஐப்பசி மாதம். தம்பிக்குப் பனமரத்துப்பட்டியில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார்கள். பெண் பார்க்க அக்காவும் நானும் காலையிலேயே கிளம்பினோம். மாப்பிள்ளை வர வேண்டாம், பிடித்திருந்தால் அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அவன் அதிகாலையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கரி ஏற்றிவரப் போனான். போகும்போது, “அக்கா, பொண்ணு சிரிச்சா எப்படி இருக்குதுன்னு மட்டும் பாத்துட்டு வா” என்றான். நிறம், நகை, நிலம் எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் போன பிறகு நடந்தது இது. அன்று காலை என் வீட்டுக்காரர் தன் முறையில் மூடியைத் திறந்து, பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்துவிட்டார். புதுக் கயிறு வந்து சேரவில்லை. உச்சிப்பொழுது ஆகிவிட்டது. முறை முடிந்தது. மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர் தன் முறைக்கு வந்தார். அன்று சாயங்காலம் நாமக்கல் பஸ் முதலாளி பார்க்க வருவதாக இருந்தது. கரி மூட்டைகளோடு வந்து சேர்ந்த தம்பியிடம், பிளாண்டைப் பற்ற வைத்துச் சூடாக வைத்திரு என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். காலையில் அங்கே இல்லாத தம்பிக்குக் கயிறு எடுத்தது தெரியாது. மூடி அதன் இடத்தில்தான் இருந்தது. பற்ற வைத்தான். மழை பிடித்துக்கொண்டது. சாரல் கரிக் குவியலில் விழுகிறது என்று கொட்டகையின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

பொழுது சாய நாங்கள் ஈரச் சேலையோடு பஸ்ஸை விட்டு இறங்கினோம். எனக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. சிரித்தால் ஒரு பல் சற்று முன்னால் தெரியும், அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று அக்காவும் நானும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். வளவுக்குள் கூட்டம் நின்றது. அவனைக் கொட்டகைக்கு வெளியே புளிய மரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. இப்போதுதான் வெயிலில் நடந்து வந்தவன் போல இருந்ததால் அக்கா அவனைத் தட்டி எழுப்பினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கரிக்காற்று விஷம் என்று சொல்லிப் போனார்.

அழுது முடித்து, சிதை அடங்கி, பால் ஊற்றிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. என் வீட்டுக்காரரிடம், கதவு சாத்தியிருந்ததை நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். கட்டிலில் படுத்திருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். மூடியில் கயிறு இல்லாததும் நினைவு வந்ததாம். எழுந்துகூட உட்கார்ந்தாராம்.

“அப்புறம்?” என்றேன்.

“அது அவரு மொறை புள்ள. அவரு மொறையில நான் எப்படி உள்ளே போறது? நீயும் ஊட்டுல இல்ல, சொல்லியனுப்ப.”

நான் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் வீட்டுக்காரரிடம், அவனைப் பற்ற வைக்கச் சொல்லும்போது மூடியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

“பாத்தேன் அம்மிணி. கயித்தக் காணோம். அது அவரு வேலையாச்சே, நாளைக்கு அவரு மொறையில போட்டுக்குவாருன்னு இருந்துட்டேன்.”

ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்கூட மனசு ஆறும். இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் இருந்தவனுக்கு மட்டும் தெரியாது. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், சும்மா ஒரு இருமல் இருமியிருந்தாலும் அவன் கதவைத் திறந்து என்ன மாமா என்று கேட்டிருப்பான். துக்கத்துக்கு வந்த பெண்கள் சிலர், நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று என்னிடமே சொன்னார்கள். நான் அவர்களை வாசலோடு அனுப்பினேன். மீசை வைத்த இரண்டு பேர் ஐம்பதடி தூரத்தில் உயிரோடு இருந்தார்கள், பெண் பார்க்கப் போன எங்கள் மேல் அதைச் சுமத்த நான் விடவில்லை.

கருமாதிப் பந்தலில்தான் அந்த அதிசயம் நடந்தது. இலை எடுத்த பிறகு இரண்டு பேரும் ஒரே கயிற்றுக் கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “சகலை, மூடிக்குக் கயிறு பத்தாதுங்க. நாலு போல்ட் போட்டு இறுக்கிப்போடோணும்” என்றார். அக்கா வீட்டுக்காரர் தலையாட்டினார். “போட்டரலாமுங்க” என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்த வாயை இரண்டு பேரும் திறந்தது இந்தப் பேச்சுக்கு. பந்தலில் இருந்த பெரியவர்கள் கண் கலங்கினார்கள். செத்தும் இரண்டு மாமன்களையும் சேர்த்து வைத்துவிட்டான் பையன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தெய்வப் பிறவி என்றார்கள். இவர்கள் சேராததால்தான் அவன் செத்தான் என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னேன். துக்கத்தில் உளறுகிறாள், உள்ளே கூட்டிப் போங்கள் என்றார்கள்.

நாலு போல்ட் மூடி தயாராயிற்று. இன்றைக்கும் கொண்டாடுகிறவர்கள் அதைத்தான் பெரிய கண்டுபிடிப்பு என்கிறார்கள். முதல் முதலாக அதைப் பற்ற வைத்துப் பார்க்க நல்ல நாள் குறித்து, தேங்காய் உடைத்தார்கள். நானும் வாசலில் நின்றேன். கொட்டகைக் கதவு இரண்டும் மலர்த்தித் திறந்திருந்தது. பிளாண்ட் உள்ளே நின்றது. மேதைகள் இரண்டு பேரும் தோளோடு தோளாக வெளியே, புளிய மரத்துக்கும் அப்பால் நின்றார்கள். உள்ளே போய்ப் பற்ற வைக்கக் கரி சுமக்கிற ஆள் ஒருவனை அழைத்துக் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஆறு மாதமானவன். அவன் ஒரு கால் எடுத்து வைத்ததும் நான் குறுக்கே போய் நின்று பந்தத்தை வாங்கிக்கொண்டேன்.

“நீ போகாத சாமி” என்று அவனிடம் சொன்னேன். பிறகு மரத்தடிக்குப் போய் நின்றேன். “செஞ்சவங்க நீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் போங்க.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க பெரியவங்க, நீங்க மொதல்ல போறதுதானுங்க மொறை” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்படியில்லீங்க சகலை, மூடி உங்களுது. மரியாதை உங்களுக்குத்தான்” என்றார் அவர்.

பந்தம் என் கையில் எரிந்து தீரும் வரை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டே நின்றார்கள்.